ஸ்ரீபெரும்புதூர்ப் பாறையும் ஆறு நாள் படைப்பும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வைணவர்களுக்கு ராமாநுஜர் நினைவுக்கு வருவார். அரசியல் பேசுகிறவர்களுக்கு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே மாதம். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறுகிறவர்களுக்கு அது இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் கம்பெனி பஸ் நிறுத்தங்களின் வரிசை. நிலவியல்காரர்களுக்கு மட்டும் அது ஒரு பாறை அடுக்கின் பெயர். களிப்பாறையும் மணற்பாறையும் மாறிமாறிப் படிந்த அந்த அடுக்கில், ஈந்துப்பனையின் சாயலில் இறகு இறகாக விரிந்த டிலோஃபில்லம் என்னும் செடியின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து பூண்டற்றுப்போன கடலுயிரான அம்மோனைட்டின் தடங்களும் உண்டு. வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள். செடிப் புதைபடிவங்களை ஒட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் வகைப்படுத்தி வெளியிட்டார். அவருக்கு முன்பே இந்த அடுக்கைத் தேடிக் கண்டு ஊர்ப்பெயரைச் சூட்டியவர் இராபர்ட் புரூஸ் ஃபுட்.

ஃபுட்டின் பெயரைத் தமிழ் வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 1863 மே 30 அன்று பல்லாவரம் ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைக் குழி ஒன்றில் அவர் கண்டெடுத்த கல், இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி. நான்கு மாதம் கழித்து வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடையில் இறங்கினார். அங்கே கருவிகள் ஒன்றிரண்டாக இல்லை, குவிந்து கிடந்தன. அதன்பின் ஃபுட்டின் ஆயுள் முழுக்கக் கல்லோடு கழிந்தது. அவர் சேர்த்தவற்றை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக அரசு விலைக்கு வாங்கியது.

அவர் சேர்த்த கைக்கோடரிகளில் ஒன்றை அருகில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது ஒழுங்குதான். உள்ளங்கையை நிறைக்கும் குவார்ட்சைட் கல். ஒரு முனை கூர், மறுமுனை பருத்து உருண்டது. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சில்லும் விட்டுப்போன குழிவில் செம்மண்ணின் துரு நிறம் ஏறியிருக்கிறது. விளிம்பு நெடுக ஒரு கோடு கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது. ஆற்று வெள்ளத்தில் உருண்ட கல்லுக்கு அந்த நேர்க்கோடு வராது. இதைச் செய்தவனுக்கு அடுத்த அடியை எங்கே போடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அப்படித் தெரிந்தவன் எப்போது இருந்தான் என்ற கேள்வியில்தான் வேதாகமத்துக்கும் பாறைக்கும் உரசல் வருகிறது. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. மனிதனின் தொன்மைக்கான நிலவியல் சான்றுகளைத் தொகுத்து சார்லஸ் லயல் எழுதிய நூல், பல்லாவரக் கண்டுபிடிப்புக்கு மூன்றே மாதம் முன்பு வந்திருந்தது. ஆர்ச்பிஷப் அஷர் 17ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கின்படி உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004இல் படைக்கப்பட்டது. 1701 முதல் ஆங்கில பைபிளின் ஓரத்திலேயே அந்த ஆண்டுகள் அச்சாகிவந்ததால், அது வேதத்தின் பகுதி என்றே பலரும் நினைத்தார்கள். பல்லாவரத்துக் கல்லுக்கு அந்த 6,000 ஆண்டுக்குள் இடம் இல்லை.

இந்தக் கல்லை எடுத்தவரின் வீட்டைப் பாருங்கள். ஃபுட்டின் மனைவி எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் பணியாற்றி, ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறியது. பிறகு அவர் சென்னைக்கே வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார், 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தமிழில் எழுதிய மாமனாரும், ஆதாமுக்கு வெகுகாலம் முந்திய கருவியைத் தமிழ் மண்ணிலிருந்து எடுத்த மருமகனும் ஒரே குடும்பம். இருவரும் கல்லைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கற்பனை செய்யும் ஆசை எனக்கு உண்டு, அதை அடக்கிக்கொள்கிறேன். ஃபுட் 1912இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

வேதமும் கல்லும் ஒரே வீட்டில் இருப்பது அன்றைய நிலவியல் உலகில் அதிசயம் ஒன்றும் இல்லை. உலகின் வயது 6,000 ஆண்டு என்ற கணக்கை உடைத்தவர்களில் பாதிப் பேர் பாதிரிமார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் பக்லாண்டு 1823இல் குகை எலும்புகளை நோவாவின் பிரளயத்தோடு சேர்த்து நூல் எழுதினார். 1836இல் அவரே அந்தக் கருத்திலிருந்து விலகிவிட்டார். கேம்பிரிட்ஜின் ஆடம் செட்விக் 1831இல் லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக நின்று, தான் முன்பு நம்பிய பிரளயக் கொள்கையைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ், ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே எத்தனை யுகம் வேண்டுமானாலும் கிடக்கட்டும் என்றார். ஆறு நாள் என்பது ஆறு நெடும் யுகங்கள் என்று விளக்கியவர்களும் உண்டு. பல்லாவரத்தில் ஃபுட் குனிந்து கல்லை எடுத்தபோது, படித்த கிறிஸ்தவர்கள் பலர் பூமியின் முதுமையை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மனிதனின் முதுமையும், குரங்கோடு அவனுக்கு உள்ள உறவும்தான் தொண்டையில் முள்ளாக நின்றன.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வேறு வழியில் வந்தது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மிஷனரிமார் அறிவியலை முதலில் புராணங்களுக்கு எதிராகத்தான் எடுத்தார்கள். பாற்கடல், மேரு மலை, ராகு கேது எல்லாம் பூகோளப் பாடத்திலும் கிரகணக் கணக்கிலும் அடிபட்டன. 1829இல் வட்டுக்கோட்டை செமினரியில் டேனியல் பூர் ஒரு சந்திர கிரகணத்தை வைத்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணக்கின் பிசகை மாணவர்களுக்குக் காட்டினார். எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. பெர்சிவலுக்கு வேதாகமத்தைத் தமிழாக்கத் துணைநின்ற நாவலர், அதே வேதாகமத்தை வரி வரியாகப் படித்திருந்த தெம்பில் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். சைவத்தில் குற்றம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் உங்கள் வேதத்திலும் உண்டே என்பது அதன் வாதம்.

1880களில் மூன்றாவது தரப்பு ஒன்று வந்தது. சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் இதழையும் 'தி திங்கர்' என்ற ஆங்கில இதழையும் 1882 முதல் 1888 வரை நடத்தினார்கள். லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திவந்த நாத்திக இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அத்திப்பாக்கம் வெங்கடாசலனார் போன்றவர்கள் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். மிஷனரி புராணத்தின் மீது வீசிய அதே அறிவியலை எடுத்து, பைபிளின் படைப்புக் கதையையும் ஒரே தராசில் வைத்தார்கள். பேராசிரியர் வீ. அரசு இந்த இதழ்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த பிறகுதான், பெரியாருக்கு நாற்பது ஆண்டு முன்பே சென்னையில் இப்படி ஒரு பேச்சு நடந்தது என்பது பலருக்குத் தெரியவந்தது. பிறகு 1930களில் சிங்காரவேலர் 'குடிஅரசு' பக்கங்களில் அறிவியல் எழுதினார். தமிழில் பரிணாமம் பரவியது பெரும்பாலும் இந்தப் பகுத்தறிவு வழியில்தான். அதனால் அது இங்கே வந்தபோதே கடவுள் மறுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. கிறிஸ்தவ விசுவாசி ஒருவர் பரிணாமம் என்றதும் உடனே நாத்திகம் என்று கேட்டுக்கொள்வதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்துத் தரப்புக்குக் கால அளவு ஒரு சிக்கலே இல்லை. ஒரு கல்பத்துக்கு 432 கோடி ஆண்டு என்று கணக்கு வைத்திருப்பவருக்கு 12 கோடி ஆண்டுப் பாறை என்ன செய்துவிடும்? மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்தையே பரிணாம வரிசையாகக் காட்டும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அதில் தியசாபிகல் சங்கத்தார் கைவரிசையும் உண்டு. கல்பத்தின் எண்ணும் இன்று அறிவியல் சொல்லும் பூமியின் வயதும் (சுமார் 454 கோடி) பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல். அதைப் பெருமையாக மேடையில் சொல்வோர் அந்தக் கணக்கு எதை அளந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு தரப்பும் பேசியபோது, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சேரிகளில் ஆதியாகமம் முற்றிலும் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1880களிலும் 90களிலும் திருவள்ளூர் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி பணி செய்தார். ஈக்காட்டில் பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. பறையர் மக்களின் நிலை பற்றி மாவட்ட கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை 1892இல் அரசின் பார்வைக்கு வந்தது. பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது இன்றும் மேற்கோள் காட்டப்படும் அறிக்கை அது. அப்படிப்பட்ட இடத்தில் 'தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்' என்று கேட்பவருக்கு, அங்கே பாறையின் வயதைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. முகத்திலிருந்து ஒருவன், பாதத்திலிருந்து ஒருவன் என்று புருஷ சூக்தம் சொல்லும் படைப்புக்கு எதிராக, எல்லோருக்கும் ஒரே ஆதாம் என்ற படைப்பு அது. பிறப்பால் தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்டவருக்கு அந்த ஒரே தகப்பன் எவ்வளவு பெரிய வாதம் என்பதை, பரிணாமத்தின் பக்கம் நின்று கிண்டல் செய்கிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மரபணு ஆய்வும் இந்த ஒரு விஷயத்தில் ஆதியாகமத்தின் பக்கம்தான் நிற்கிறது: இன்றுள்ள மனிதர் எல்லோரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே வம்சம். டார்வினும் மனித இனங்கள் தனித்தனியாகத் தோன்றின என்ற அன்றைய கொள்கையை மறுத்தவர்தான்.

அப்படியானால் 'பூமிக்கு 6,000 வயதுதான், பாறை எல்லாம் பிரளயத்தில் ஒரே வருஷத்தில் படிந்தது' என்ற வாதம் தமிழ்ச் சபைகளுக்கு எப்போது வந்தது? பழையது போலத் தோன்றும். உண்மையில் அது பல்லாவரக் கோடரியின் கண்டுபிடிப்பைவிடப் புதியது. அமெரிக்காவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் 1923இல் வெளியிட்ட நூல், பாறை அடுக்குகளைப் பிரளயத்தால் விளக்கியது. 1925இல் டென்னஸியில் ஸ்கோப்ஸ் வழக்கு நடந்தபோது, பரிணாமத்தை எதிர்த்து வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் கூட, படைப்பின் நாள்கள் 24 மணி நேர நாள்களாக இருக்கத் தேவையில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். பிரைஸின் கருத்து பெரும்பாலான சுவிசேஷ சபைகளுக்குள் நுழைந்தது 1961இல், விட்கோம்ப், மோரிஸ் இருவரும் எழுதிய 'ஆதியாகமப் பிரளயம்' என்ற நூலின் வழியாக.

சென்னைக்கு வர அது தாமதிக்கவில்லை. 1954இல் தொடங்கிய இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம் 1966இல் 'பரிணாமமா, படைப்பா' என்ற பொருளில் ஓர் ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டது. எழுதியவர் எச். ஏனோக், சென்னையில் விலங்கியல் கற்பித்த பேராசிரியர். அடுத்த ஆண்டு அது லண்டனிலும் அச்சானது. தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டி வகுப்பெடுத்த ஒருவரே பரிணாமத்தை மறுத்து எழுதினார் என்பது சபைகளில் அந்த வாதத்துக்குப் பெரிய பலமாக இருந்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பாதையில் போகவில்லை. 1950இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் ஒரு ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று எழுதினார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் மாணவருக்கும் பரிணாமம் பாடம்தான். ஆக, 'கிறிஸ்தவம் எதிர் டார்வின்' என்று மொத்தமாகப் பேசுவது தகவல் பிழை. ஒரு சில சபைகளின், அதுவும் பெரும்பாலும் கடந்த அறுபது ஆண்டுகளின் நிலைப்பாடு இது.

அந்தச் சபைகள் இன்று ஒரகடம் சாலையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்கு வந்து, ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஷீட் கூரை போட்ட ஜெபவீட்டில் ஊர்க்காரர்களைச் சந்திக்கிறார்கள். ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் இரண்டு பேர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இருவர் கழுத்திலும் கம்பெனி ஐ.டி. கார்டு. இளையவன் சொன்னான்: "அண்ணே, எல்லாம் தானா வந்துச்சுன்னு சொல்றீங்கள்ல, நம்ம லைன்ல ஒரு போல்ட்டாச்சும் தானா மாட்டிக்கிட்டதப் பாத்திருக்கீங்களா?" மூத்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "போல்ட்டு குட்டி போடுமா தம்பி?" என்றார். இளையவன் சிரித்துவிட்டான், ஆனால் விடவில்லை: "குரங்கு மனுசனாச்சுன்னா, வண்டலூர்ல இருக்கற குரங்கு ஏன் இன்னும் அப்படியே இருக்கு?"

இளையவனின் முதல் கேள்வி வில்லியம் பேலி 1802இல் கடிகாரத்தை வைத்துக் கேட்டதுதான். கார் செய்யும் ஊரில் அது காராக மாறிவிட்டது. மூத்தவர் சொன்ன பதிலும் சரியானதே. காருக்குக் குட்டி பிறப்பதில்லை, குட்டிகளுக்குள் சிறு வேறுபாடு வருவதில்லை, அந்த வேறுபாட்டால் ஒன்று பிழைத்து ஒன்று சாவதில்லை. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில்தான் இயற்கைத் தேர்வு வேலை செய்யும். இளையவனின் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அது அவனுடைய வேலையிலிருந்தே வருவது. மூளையிலிருந்து குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று நேராகப் போகாமல், மார்புக்குள் இறங்கி இதயத்தின் பெரிய தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று சில மீட்டர் நீளம். ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரை டிக்கி வரை இழுத்துத் திருப்பிக் கொண்டுவரும் ஹார்னெஸ்ஸை எந்த டிசைன் இன்ஜினியரும் போட மாட்டார். மீனின் உடலில் அந்த நரம்பு நேர்வழியில்தான் போனது. கழுத்து நீள நீள நரம்பு தமனிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது என்று வைத்துப் பார்த்தால் மட்டும் இந்தச் சுற்றுப்பாதைக்குக் காரணம் கிடைக்கிறது.

வண்டலூர்க் குரங்கைப் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. அந்தக் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, வெகு தூரத்துப் பங்காளி. பங்காளி இருப்பதால் நாம் இல்லாமல் போவதில்லை.

பிரளயம் பற்றிய வாதத்தை இந்த மண்ணிலேயே சோதித்துப் பார்க்கலாம், அதுதான் எனக்கு ருசியான பகுதி. அடியில் சார்னோக்கைட் பாறை, வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் அது மேலேயே தெரியும். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். கல்லறைத் தோட்டங்கள் இந்தக் கதையை விடுவதாக இல்லை.) பள்ளமான இடங்களில் அதன் மேல் ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறை. அதற்கு மேல் சத்தியவேடு அடுக்கின் மணற்பாறையும் உருண்டைக் கற்களும். எல்லாவற்றுக்கும் மேலே செம்புரை, சரளை, செம்மண். கைக்கோடரி கிடைப்பது இந்த மேல் அடுக்கில். ஒரே வெள்ளம் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் கலக்கிப் படியவைத்திருந்தால் எங்கேயாவது அம்மோனைட்டின் பக்கத்தில் ஒரு கோடரி, டிலோஃபில்லத்தின் நடுவில் ஒரு மாட்டுப் பல் அகப்பட்டிருக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோண்டியும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

கிடைத்துவிட்டது என்று சொல்லக்கூடிய தருணம் ஒன்று வந்தது. அத்திரம்பாக்கத்தில் கருவிகள் கிடைக்கும் சரளைக்குக் கீழே தடித்த களிமண் அடுக்கு இருக்கிறது. முன்பு அகழ்ந்தவர்கள் அதை டைனோசர் காலத்துக் களிப்பாறையின் மேற்பரப்பு என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிட்டார்கள். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் சர்மா மரபுக் கல்வி மையத்தினர் அகழ்ந்தபோது, அந்தக் களிமண்ணுக்குள்ளேயே, மீட்டர் கணக்கில் கீழே வரை, கைக்கோடரிகள் வந்தன. டைனோசர் காலப் பாறையில் மனிதக் கருவி! பிரளயவாதிக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் படிவுகளை ஆராய்ந்தபோது அது பழைய களிப்பாறையே இல்லை, ஆற்று வெள்ளம் அமைதியாகப் படியவைத்த பிற்காலக் களிமண் என்பது தெளிவானது. பழைய அடையாளம்தான் தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர்களும் நிலவியல்காரர்கள்தான். ஃபுட்டும் இதே போல ஒன்றில் தவறியிருக்கிறார்: செம்புரைப் படிவுகளைக் கடல் படியவைத்தது என்றும், கரையோரம் முழுகியிருந்தது என்றும் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். அதற்காக யாரும் யாரையும் சபை நீக்கம் செய்யவில்லை.

வயது எப்படித் தெரியும் என்பதுதான் விசுவாசியின் அடுத்த கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும் கூட. தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டுப் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்கள் சேர்கின்றன. கல் ஆழப் புதைந்ததும் சேர்க்கை நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். முதலாவது ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், இரண்டாவதற்கு அதைப்போல் இருமடங்கு காலம் வேண்டும். இரண்டின் விகிதத்தை அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரியும். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் குறைந்தது 10.7 லட்சம், சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. இதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு முறையையும் கையாண்டார்கள்: களிமண்ணில் உறைந்த காந்தத் திசை. அது இன்றைய திசைக்கு நேர் எதிராக இருந்தது. பூமியின் காந்தம் கடைசியாகத் திசை மாறியது 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். களிமண் அதற்கும் முந்தியது என்று காந்தமும் சாட்சி சொன்னது. அதே இடத்தில் மேல் அடுக்குகளின் நுண்மையான கருவிகளுக்கு 3.85 லட்சம் முதல் 1.72 லட்சம் ஆண்டு வரை என்று 2018இல் 'நேச்சர்' இதழில் வேறொரு முறையில், மணல் துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளந்து, சொன்னார்கள்.

சிதைவு வேகம் ஆதியில் வேறாக இருந்திருக்கலாமே என்பார்கள். வார்ப்புகளையும் வெல்டிங்கையும் உடைக்காமல் உள்ளே பார்க்க இரிடியம்-192 கொண்டு படம் எடுக்கும் டெக்னீஷியன்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த மூலத்தின் வலு 74 நாளைக்கு ஒருமுறை பாதியாகும். இன்று எத்தனை நிமிடம் ஃபிலிமைக் கதிரில் காட்டவேண்டும் என்று சிதைவு அட்டவணையைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்த விதி தப்பினால் வார்ப்பில் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. வாரநாளில் நம்பிக் கையெழுத்துப் போடும் விதியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தேகிப்பது கஷ்டம்.

இந்தியாவில் பரிணாமத்துக்கு அரசு மட்டத்தில் வந்த இடைஞ்சல் இந்த ஜெபவீடுகளிலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் அறிவியல்பூர்வமாகத் தவறு, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. அந்தப் பதிலை ஒரகடத்தில் நின்று கேட்டால்தான் அதன் குறை தெரியும். இங்கே லைனில் நிற்கும் பிள்ளைகளில் பலர் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ போனவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை அவர்கள் தொட்டதே இல்லை. தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' இன்னும் இருப்பதால்தான், டீக்கடை மூத்தவருக்கு அந்தப் பதில் கைவசம் இருந்தது.

இளையவன் கேட்காத, ஆனால் கேட்டிருக்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று உண்டு: கருவி இவ்வளவு கிடைக்கிறதே, செய்தவனின் எலும்பு எங்கே? அத்திரம்பாக்கத்தில் எருமை அல்லது மாட்டினத்தின் பல், குதிரையினத்தின் பல் என்று சில விலங்குப் பற்கள் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை. செம்புரை மண்ணின் அமிலத்தன்மை எலும்பை எளிதில் விட்டுவைப்பதில்லை. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய மனித மண்டையோடு 1982இல் அருண் சொனாகியா நர்மதைக் கரையில் ஹத்நோராவில் எடுத்ததுதான். அது எந்த இனம் என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு. அத்திரம்பாக்கத்துப் பக்கம் ஓடும் கொற்றலை ஆற்றங்கரையில் 15 லட்சம் ஆண்டுக்கு முன் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியவர் ஹோமோ எரெக்டஸ் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அது கருத்துத்தான், எலும்பைக் கையில் வைத்துச் சொன்னது இல்லை.

தேடும் வேலை முடியவில்லை. ஆனால் தேடவேண்டிய அடுக்குதான் இந்தச் சாலையின் இருபுறமும் கிராவல் என்ற பெயரில் லாரி லாரியாக அள்ளப்பட்டு, தொழிற்சாலை மனைகளை மேடாக்கப் போகிறது. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் அகழ்ந்தது. மேலே சங்ககாலக் கட்டுமானமும் ரோம ஆம்போரா ஓடுகளும். கீழே கற்கருவிகள், ஏறக்குறைய 12,000 ஆண்டுப் பழமை என்று மதிப்பிட்டார்கள். அவை கிடைத்த ஆழம் முக்கால் மீட்டர். ஒரு பிரஸ் ஷாப்புக்கு அடித்தளம் போட அதைப்போலப் பலமடங்கு தோண்டுகிறார்கள், ஜே.சி.பி. வாளியில் வரும் மண்ணை நின்று பார்க்கத் தொல்லியல் தெரிந்த ஆள் ஒருவரை வைக்கவேண்டும் என்று இதுவரை எந்த ஆலைக்கும் யாரும் நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை.